வாடையும் வாடியும்

புரட்டாதி மாதம் கழிந்து ஐப்பசி பிறக்கும் வேளையிலே, இலங்கையின் வடமேற்குக் கரையில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. வைகாசி தொடங்கி ஓயாது வீசிய சோளகக் காற்றுத் தளர்கின்றது. கரையை அறைந்து நுரை கக்கிய கடல் சிறிது சிறிதாக அடங்குகின்றது. மணலில் ஏற்றி வைத்த படகுகள் மீண்டும் நீரை நோக்கித் தள்ளப்படுகின்றன. வலைகளின் பொத்தல்கள் அடைக்கப்படுகின்றன. சிலாபத்திலும் உடப்பிலும் கற்பிட்டியிலும் கடற்றொழிலாளர் வீடுகளில் அப்போது ஒரு கேள்வி எழுகின்றது. இந்தப் பருவத்திற்கு எந்தக் கரைக்குப் போவது? சொந்தத் துறையிலேயே தங்குவதா? தீவுகளுக்குச் சென்று வாடி அமைப்பதா? வெளிக்கடலை விட்டுக் களப்பிலே தொழில் செய்வதா? ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறும், சென்ற ஆண்டின் கடனும், வரும் ஆண்டின் கலியாணமும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. இக்கேள்வியின் வரலாறே புத்தளக் கரையின் வரலாறு என்று கூறின் அது மிகையாகாது.

பருவம் பார்த்து மீன்பிடிக்கும் இடத்தைத் தெரிவு செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். ஐரோப்பாவிலே இலையுதிர் காலம் வந்ததும், வசதி படைத்தோர் தூண்டிற்கோலோடு ஆற்றங்கரைகளை நாடிச் செல்வர். இறகும் நூலும் கொண்டு ஈயைப் போலச் செய்த பொய்யிரையை நீரின்மேல் வீசி, மீனை ஏய்த்துப் பிடிப்பது அவர்களுக்கு ஒரு கலை. ஐசாக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தூண்டிற் கலையைப் பற்றி 1653இல் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகின்றது. அந்த வழி வந்த தோட்டத் துரைமார், இலங்கை மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளைக் கண்டதும் தம் நாட்டு நினைவு கொண்டனர். 1880களில் டிரவுட் என்னும் மீனின் முட்டைகளைக் கப்பல் வழியாக வருவித்து, நுவரெலியாப் பகுதியின் ஓடைகளில் மீன்குஞ்சுகளை வளரவிட்டனர். 1896இல் அங்கே மீன்பிடிக் கழகம் ஒன்றும் தோன்றியது. எந்த ஓடையில் நீர் தெளிந்திருக்கின்றது, எங்கே மீன் இரையைக் கவ்வுகின்றது, அங்கே தூண்டில் போட யாருடைய அனுமதி வேண்டும் என்பனவே புறப்படுமுன் அவர்கள் விசாரித்தறிந்த செய்திகள்.

மலைநாட்டுத் துரைக்கும் புத்தளத்து மீனவனுக்கும் இடையே ஏணி வைத்தாலும் எட்டாத தூரம் இருந்தது. துரைக்கு அது விடுமுறைப் பொழுதுபோக்கு. மீனவனுக்கு அது உலையில் ஏறும் அரிசி. ஆயினும் விந்தை யாதெனில், இருவர் கேட்ட கேள்விகளும் ஒன்றே. காற்றும் நீரும் இடங்கொடுக்குமா? மீன் அங்கே உண்டா? கரைக்கு உரியவர் இசைவாரா? இம்மூன்றனுள் முதலிரண்டிற்கும் இயற்கை விடை கூறும். மூன்றாவதற்கு மனிதரே விடை கூற வேண்டும். புத்தளக் கரையில் நிகழ்ந்த நன்மையும் தீமையும் பெரும்பாலும் இம்மூன்றாம் கேள்வியைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன என்பதை வரலாறு காட்டுகின்றது.

முதலில் நிலத்தின் அமைப்பை நோக்குதல் தகும். புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை தெற்கே மாஓயாவின் கழிமுகத்தருகே தொடங்கி, வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு ஆகிய ஊர்களைக் கடந்து, வடக்கே வில்பத்து வனத்தின் கடலோரம் வரை செல்கின்றது. இடையிலே கற்பிட்டிக் குடாநாடு ஒரு நீண்ட கையைப் போல வடக்கு நோக்கிக் கிடக்கின்றது. அந்தக் கைக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருப்பது புத்தளம் களப்பு. அதன் பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். குடாநாட்டின் நுனிக்கு அப்பால் உச்சமுனை, பத்தலங்குண்டு முதலிய மணற்றிட்டுகளும் தீவுகளும் வரிசையாக அமைந்து, வெளிக்கடலுக்கு ஒரு வேலி போல நிற்கின்றன. இக்கரையில் பிறந்தவனுக்குக் கடல் இரண்டு. ஒன்று சீறும்போது மற்றொன்று அடங்கியிருக்கும். சோளகக் காலத்தில் வெளிக்கடல் இறங்க இடந்தராவிட்டாலும், களப்பிலே இறாலும் நண்டும் சிறுமீனும் பிடித்து ஏழைக் குடும்பங்கள் நாளைக் கடத்த முடிந்தது. தெற்கே திறந்த கடலோரத்து ஊர்களுக்கு இவ்வளவு பெரிய களப்பு வாய்க்கவில்லை. அவர்கள் காற்று மாறும்போதெல்லாம் ஊர்விட்டு ஊர் செல்லப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் காற்றின் வரலாறு. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாதி வரை இக்கரையில் நேரே வந்து மோதுகின்றது. அதனையே மீனவர் சோளகம் என்பர். வடகீழ்ப் பருவக்காற்றாகிய வாடையோ, தீவின் நிலப்பரப்பைக் கடந்த பின்னரே மேற்குக் கரையை அடைகின்றது. ஆகையால் அதன் வேகம் தணிந்துவிடுகின்றது. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மேற்குக் கரையின் கடல் பெரும்பாலும் தொழிலுக்கு இசைவாக இருப்பது இதனாலேயே. கிழக்குக் கரையில் நிலைமை நேர்மாறானது. முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் சோளகக் காலமே மீன்பிடிப் பருவம். ஒரு வீட்டின் முன்வாயில் அடைபடும்போது பின்வாயில் திறப்பது போல, இத்தீவின் ஒரு கரை மூடும்போது மறுகரை திறக்கின்றது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழி உழவனுக்குப் பொருந்தும். மீனவனுக்கோ காற்று இல்லாத கரையைத் தேடிக்கொள் என்பதே வாழ்க்கை விதி.

ஆயினும் இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட ஐப்பசி, கார்த்திகை மாதங்களை முற்றிலும் நம்பிவிடல் ஆகாது. வங்கக் கடலில் தாழமுக்கங்கள் தோன்றும் காலமும் அதுவே. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், மார்கழி மாதத்திலும் இக்கடல் என்ன செய்ய வல்லது என்பதைக் காட்டிற்று. பழைய மீனவர் முகிலின் நிறத்தையும் நீரோட்டத்தின் திசையையும் பறவைகளின் போக்கையும் பார்த்தே முடிவு செய்தனர். பின்னாளில் வானொலியில் ஒலிக்கும் வானிலை அறிவிப்பும் அந்த அறிவோடு சேர்ந்துகொண்டது.

இக்காற்று மீனவர்களை மட்டுமன்றி வரலாற்றையும் இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசன் குளோடியசின் காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியைப் பிளினி என்ற அறிஞர் பதிவு செய்துள்ளார். அன்னியஸ் புளோகாமஸ் என்பவர் செங்கடற் பகுதியின் வரியைத் தண்டும் குத்தகை பெற்றவர். அவரால் விடுதலை செய்யப்பட்ட அடிமை ஒருவன் அராபியாவை ஒட்டிக் கடலிற் செல்லும்போது, வடகாற்றினால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையில் ஹிப்புரோஸ் என்ற துறையை அடைந்தான். கிரேக்க மொழியில் ஹிப்போஸ் என்பது குதிரையைக் குறிக்கும். புத்தளம் மாவட்டத்தின் வடகோடியில், கடலை நோக்கி நிற்கும் குதிரைமலை முனையே அத்துறை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதினர். அல்லி அரசாணி அரசாண்ட இடம் என்று தமிழ் மக்களின் கர்ணபரம்பரைக் கதை கூறுவதும் அதே குதிரைமலையைத்தான்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இன்னொரு பயணியையும் காற்றே கொண்டுவந்தது. மொரோக்கோ நாட்டவரான இபுன் பத்தூத்தா 1344ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து தமிழகத்தின் மாபார்க் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் காற்று மாறியதால் ஒன்பது நாளாயிற்று. ஒன்பதாம் நாள் அவர் கண்டது இலங்கையின் மலைச்சிகரம். அவர் இறங்கிய பத்தாள என்ற நகரம் புத்தளமே என்பது பெரும்பாலோர் கொண்ட கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்தார். அவர் முன்னிலையில் முத்துக்கள் குவிந்திருந்தன. பாவாதமலைக்குச் செல்ல விரும்பிய விருந்தினருக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினார் அம்மன்னர். கப்பலின் மாலுமிகள் இத்துறையில் இறங்க முதலில் அஞ்சினர் என்பதும், மன்னரின் இசைவு கிடைத்த பின்னரே பயணி கரையேறினார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. காற்று ஒருவனைக் கரைக்குக் கொண்டுவரலாம். கரையேற்றுவது கரையிலுள்ளோரின் மனம்.

இரண்டாவது கேள்வி மீனைப் பற்றியது. தென்னிலங்கையின் பல இடங்களில் கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுகின்றது. கற்பிட்டிக்கு வடக்கே மன்னார்க் குடாவை நோக்கிச் செல்லச் செல்ல, ஆழங்குறைந்த அடித்தளம் அகன்று விரிகின்றது. வெயில் அடிவரை எட்டும் அந்த நீரில் பவளமும் கடற்பாசியும் கடற்புல்லும் செழித்தன. அவற்றை நாடிச் சிறுமீன் வந்தது. சிறுமீனை நாடிப் பாரையும் சூரையும் அறுக்குளாவும் வந்தன. நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மீனவர் தம் சொந்தக் கடல் அமைதியடைந்த காலத்திலும்கூடக் கண்டக்குழிக்கும் பத்தலங்குண்டுக்கும் வாடி போட வந்தமைக்கு விளக்கம் இதுவே.

இதே கடலடித் தளத்தில் முத்துப்பார்களும் இருந்தன. சிலாபம் என்ற சொல்லுக்கே தமிழில் முத்துக்குளிப்பு என்ற பொருள் உண்டு. அவ்வூருக்குப் பெயர் வந்த வகையை அதனோடு தொடர்புபடுத்துவாரும் உளர். அரசு குளிப்பை அறிவித்ததும், ஆளில்லாத மணற்கரையில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும். சுழியோடிகள், சம்மாட்டிகள், வணிகர், வைத்தியர், பாம்புத் தொல்லை போக்குவோர், சுறாவை வாய்கட்டும் மந்திரவாதிகள் யாவரும் அங்கே கூடுவர். குளிப்பு முடிந்ததும் நகரம் மறையும். 1905ஆம் ஆண்டு மன்னார்க் குடாவில் மிகப்பெரிய குளிப்பு நடைபெற்றது. மறு ஆண்டே முத்துப்பார்கள் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் சிப்பிகள் அருகி, கம்பெனியும் நிலைகுலைந்தது. சென்ற ஆண்டு நிறைந்த இடம் இந்த ஆண்டும் நிறையும் என்று கொள்ளலாகாது என்ற பாடத்தைக் கடல் அன்று பெருஞ்செல்வருக்குக் கற்பித்தது. சிறு மீனவர் அதனைப் பரம்பரையாகவே அறிந்திருந்தனர்.

மீனைப் பிடித்தாற் போதாது, அதனைக் கெடாமற் காத்து விற்கவும் வேண்டும். பனிக்கட்டியும் லொறியும் இல்லாத காலத்தில், தொலைதூரத் தீவொன்றில் பிடித்த மீனுக்கு உப்பும் வெயிலுமே துணை. இவ்விரண்டிலும் புத்தளம் செழித்த நிலம். மழை குறைந்த கோடையிலே களப்போரத்து உவர்நீர் உறைந்து உப்பாக விளைந்தது. பாலாவி உப்பளம் இன்றும் பெயர்பெற்றது. உப்பும் கருவாடும் புத்தளத்திலிருந்து கண்டி இராச்சியத்துக்குப் போயின. மலைநாட்டின் பாக்கு முதலிய பண்டங்கள் இவ்வழியே கடலுக்கு வந்தன. கண்டிக்கு இது உயிர்நாடி என்பதை ஒல்லாந்தர் உணர்ந்தனர். 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய அவர்கள், 1667இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். களப்பின் வாயிலில் அமைந்த அக்கோட்டை, போகும் தோணியையும் வரும் தோணியையும் கண்காணித்தது. கரைக்கு உரியவர் யார் என்ற மூன்றாம் கேள்விக்குப் பீரங்கி விடை சொன்ன காலம் அது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

இக்கற்பிட்டியில் 1807இல் பிறந்தவரே சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகின்றது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1834இல், இலங்கையின் ஊர்களையும் துறைகளையும் அகரவரிசையில் விவரிக்கும் பெருநூல் ஒன்றை அவர் வெளியிட்டார். ஒரு கடற்கரை ஊரின் மைந்தர், இருபத்தேழு வயதில், தீவு முழுவதற்கும் இடவிளக்க நூல் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. வந்து போவோரின் வாயிலாகப் பல ஊர்களின் செய்தி நாள்தோறும் ஒலித்த ஒரு துறையில் வளர்ந்தவருக்கு அந்த நாட்டம் இயல்பாகவே வாய்த்தது போலும்.

மூன்றாவது கேள்வியாகிய கரையின் உரிமைக்கு இனி வருவோம். புத்தளத்துக் கரைக்காக நடந்த பழைய போரொன்றை முக்கர ஹட்டன என்னும் சிங்கள ஏடு கூறுகின்றது. முக்குவர் புத்தளத்தைக் கைக்கொண்டிருந்தனர் என்றும், கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு காஞ்சிபுரம், கீழக்கரை, காவிரிப்பூம்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து படைவீரரை வரவழைத்து அவர்களை வென்றான் என்றும், வென்றவர்கள் இக்கரையோரத்திலேயே குடியமர்ந்தனர் என்றும் அவ்வேடு சொல்கின்றது. ஏட்டின் கதை முழுவதும் சரித்திரமா என்பது வேறு கேள்வி. இன்று சிங்களம் பேசும் மீனவர் பலரின் முன்னோர் தமிழகத்துத் துறைகளிலிருந்து வந்தவர் என்ற நினைவை அது காத்து வைத்திருக்கின்றது. முக்குவரிற் பலர் இசுலாத்தையும், பிற்காலத்தில் கரையோரத்தார் பலர் கத்தோலிக்க சமயத்தையும் தழுவினர். உடப்பு மக்கள் இராமநாதபுரக் கரையைத் தம் பூர்வீகமாகக் கூறி, இந்துக்களாகவும் தமிழராகவும் வாழ்ந்து வருகின்றனர். ஒரே கரையில் மூன்று சமயங்களும் இரண்டு மொழிகளும் இவ்வாறே அமைந்தன. இக்கரையில் ஏதோவொரு தலைமுறையில் எல்லாரும் வந்தேறியவரே.

வந்தவரெல்லாம் ஒரே கரையில் தொழில் செய்ய வேண்டுமாயின் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கின் அடையாளமே பாடு என்ற சொல். கரைவலை வளைத்து இழுப்பதற்கு வரையறுக்கப்பட்ட கடற்கரைத் துண்டு ஒன்றுக்குப் பாடு என்று பெயர். கரைவலையின் ஒரு வடத்தைக் கரையில் நிறுத்தி, வள்ளத்தில் வலையை ஏற்றிச் சென்று, அரைவட்டமாகக் கடலில் விட்டு, மறுவடத்தோடு கரை திரும்புவர். பின்னர் இரு அணிகளாக நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு அடியெடுத்து வைத்து இழுப்பர். ஒரு வலை கடலில் இருக்கும்போது அதே பாட்டில் மற்றொரு வலை இறங்க முடியாது. ஆகவே சம்மாட்டிகள் முறை வைத்தனர். இன்று ஒருவர் முதலில் வளைத்தால் நாளை அவர் பின்வரிசைக்குச் செல்வார். மீன் பெருகிய நாளும் வெறுமையான நாளும் அவரவர் நல்வினை தீவினை. முறை மட்டும் எல்லாருக்கும் பொது. புதிதாக வருபவன் அந்த ஊராரின் இசைவின்றிப் பாட்டில் இறங்கலாகாது என்பது எழுதாச் சட்டமாயிருந்தது. பிற்காலத்தில் அரசும் பல கரைகளுக்கு இவ்வழக்கங்களை விதிகளாக்கி வெளியிட்டது.

பருவத்துக்கு வருவோர் தங்கும் ஓலைக்கொட்டிலே வாடி. மீன் உணக்குவதும் வலை காய்வதும் சோறு சமைப்பதும் அங்கேதான். பருவம் முடிந்தால் கூரையைப் பிரித்துச் செல்வர். வாடி அமைக்க நல்ல தண்ணீர் வேண்டும். விறகு வேண்டும். அயலில் உள்ளவரின் நல்லெண்ணம் அவை யாவற்றிலும் முதன்மையாக வேண்டும். கிணற்றில் நீரள்ள விடுவதும், நோயுற்றவனை வைத்தியரிடம் சேர்ப்பதும், கணக்கு முடியும்வரை அரிசி கடன் கொடுப்பதும் ஊரார் செய்யும் உதவி. வந்தவர்கள் மீனும் கூலியும் வணிகமும் கொண்டுவந்தனர். இவ்வாறு பல தலைமுறைகளாக விருந்தினரும் விருந்தோம்புவோருமாக உறவுகள் வளர்ந்தன. பருவக் கணக்கு கோயில்களின் கணக்கோடும் இசைந்தே சென்றது. தலவில புனித அன்னாள் ஆலயத்தின் பெருவிழாக்களுள் ஒன்று ஆடி, ஆவணியை ஒட்டி வருகின்றது. உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பும் முன்னேசுவரத்தின் திருவிழாவும் அக்காலத்தையே அடுத்து வருகின்றன. சோளகம் கடலை மூடியிருக்கும் மாதங்களில் மக்கள் ஆலயங்களில் கூடினர். காற்று மாறும்முன் நேர்த்தியைச் செலுத்தினர். வரும் பருவத்துக்கு எந்தக் கரை என்ற பேச்சும் அக்கூட்டங்களிலேயே தொடங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டு தூரத்தைச் சுருக்கிற்று. 1941இல் கடற்றொழிலுக்கெனத் தனித் திணைக்களம் ஏற்பட்டது. 1950களின் இறுதியில் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் பரவத் தொடங்கின. பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. பாயின் தயவில் சென்றவன் மோட்டரின் துணையால் நினைத்த நேரத்தில் சென்று திரும்பினான். சித்திரை கழிந்ததும் சிலாபம், நீர்கொழும்புப் பகுதிக் குடும்பங்கள் வலையையும் பாத்திரங்களையும் லொறியில் ஏற்றி முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய் ஆகிய கிழக்குக் கரைகளுக்குப் போயின. ஐப்பசியில் மேற்குக்குத் திரும்பின. அங்கே தமிழ் மீனவரும் இங்கிருந்து சென்ற சிங்கள மீனவரும் ஒரே கரையில் தொழில் செய்தனர். பூசல்கள் இருந்தன. அவற்றைத் தீர்க்கும் பெரியோரும் இருந்தனர்.

1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் இவ்வுறவை அறுத்தது. 1984 டிசம்பர் முதலாந் திகதி கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இருந்த மீனவர் குடியிருப்புகள் தாக்கப்பட்டு, சிங்கள மீனவக் குடும்பத்தவர் உயிரிழந்தனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் தமிழ் மக்களும் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். வந்தவனுக்கும் கரை இல்லாமற் போயிற்று. இருந்தவனுக்கும் கரை இல்லாமற் போயிற்று. கடல் மட்டும் பருவந் தவறாமல் திறந்தும் மூடியும் வந்தது.

ஆறு ஆண்டுகளின் பின், 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், வடமாகாணத்து முசுலிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் வீடும் நிலமும் தொழிலும் இழந்தனர். மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டோர் மீன்பிடிப் படகுகளில் ஏறித் தெற்கே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அது ஐப்பசி மாதம். மீனவர் கடலை நோக்கிப் புறப்படும் பருவம். அந்த ஆண்டு அதே நீர்வழியில் வந்தவை குழந்தைகளும் முதியோரும் நிறைந்த படகுகள். எந்தக் கரைக்குப் போவது என்ற கேள்வியைக் கேட்க அவர்களுக்கு நேரமும் இல்லை, தெரிவும் இல்லை. கற்பிட்டி, புத்தளம் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தென்னந் தோட்டங்களில் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்கள் என்று எண்ணிய தங்கல் பலருக்கு இருபது ஆண்டுகளைக் கடந்தது. காலப்போக்கில் நீருக்கும் வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி ஏற்பட்டு, உள்ளூராருக்கும் வந்தோருக்கும் இடையே மனக்கசப்புகள் தோன்றியதும் உண்மை. ஆயினும் முதல் நாளிலே கரை மறுக்கப்படவில்லை. புத்தளக் கரையின் நீண்ட வரலாற்றில் இதனிலும் பெருமைக்குரிய நிகழ்ச்சி வேறொன்றைக் காண்பது அரிது.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. கிழக்குக் கரைப் பயணம் மீண்டும் தொடங்கிற்று. ஆனால் இடையில் கழிந்த கால் நூற்றாண்டு பழைய முறையை அறிந்த பெரியோரைக் கொண்டுபோய்விட்டது. இடம்பெயர்ந்து மீண்ட முல்லைத்தீவு மீனவர் தம் பாடுகளில் பிறர் வலை வளைப்பதைக் கண்டனர். மேற்கிலிருந்து சென்றவரோ தந்தை காலத்து வழக்கத்தையும் அரசு அளித்த அனுமதியையும் காட்டினர். 2018 ஆகத்து மாதம் நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்து சாம்பராயின. அனுமதிப் பத்திரம் ஒருவனுக்குச் சட்ட உரிமையைத் தரலாம். கிணற்றடியில் ஒரு குடம் நீரைத் தருவது அயலவனின் மனம். அந்த மனத்தைப் பெறாத வாடி மணல்மேல் எழுப்பிய வாடியாகவே இருக்கும்.

புத்தளக் கரையிலும் உரிமைக் கேள்வி புதிய உருவங்களில் எழுந்துள்ளது. நுரைச்சோலையில் கடலோரம் அமைந்த நிலக்கரி மின்நிலையம் 2011இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. நாட்டுக்கு அது ஒளி தந்தது. அக்கரையில் வலை வளைத்தோர் சிலருக்கு இடம் சுருங்கிற்று. கற்பிட்டிக்கு மேற்கேயுள்ள பவளப்பார் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 1998இலும் 2016இலும் கடல்நீர் வெப்பமுற்றதால் பவளத்தின் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. மீன் எங்கே என்ற இரண்டாவது கேள்விக்குத் தந்தையர் கூறிய விடை மைந்தருக்கு முழுதும் உதவாமற் போகும் நிலை இதனால் ஏற்படுகின்றது. வேறொரு விந்தையும் உண்டு. மீனவனைக் கரையில் முடக்கிய அதே சோளகக் காற்றை நாடி, இன்று வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வருகின்றனர். பெரிய பட்டங்களைக் காற்றில் ஏற்றி, அவை இழுக்கும் விசையால் நீர்மேல் சறுக்கி விளையாடுகின்றனர். மலைநாட்டு ஓடையைத் தேடிச் சென்ற பழைய துரைமாரைப் போலவே இவர்களும் காற்றையும் நீரையும் விசாரித்தே இடத்தைத் தெரிவு செய்கின்றனர். அவர்களால் சில குடும்பங்களுக்கு வேலை கிடைக்கின்றது. தீவுகளையும் கரைகளையும் விடுதிகளுக்கு ஒதுக்கும் திட்டங்களைக் கண்டு, வாடி போட நாளை இடமிருக்குமா என்று மீனவர் கவலை கொள்வதிலும் நியாயம் உண்டு.

ஐப்பசி தோறும் அக்கேள்வி மீண்டும் எழுகின்றது. காற்றைப் பற்றி இன்று செயற்கைக் கோள் சொல்கின்றது. மீன் கூட்டத்தைக் கருவிகள் காட்டுகின்றன. முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை காண அறிவியல் பெரிதும் துணைநிற்கின்றது. மூன்றாவது கேள்விக்கு எக்கருவியும் விடை கூறாது. காற்றால் அலைந்து வந்த இபுன் பத்தூத்தாவுக்குப் பல்லக்குக் கொடுத்த கரையும், 1990இல் படகுகளில் வந்தோருக்குப் பள்ளிவாசற் கதவைத் திறந்த கரையும் ஒன்றே. முறை வைத்து வலை வளைக்கவும் வந்தவனை வரவேற்கவும் தெரிந்த கரையே பருவத்துக்கு ஏற்ற கரை என்பதை இம்மக்களின் முன்னோர் அறிந்திருந்தனர். சோளகம் ஓய்ந்து வாடை பிறக்கும் ஒவ்வோர் ஆண்டும், வடமேற்குக் கரையில் எழும் புதிய வாடிகளின் அடுப்புப் புகை அந்த அறிவைத் தலைமுறைக்குத் தலைமுறை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றது.